தலைவரம்மாவின் மொழிபெயர்ப்பாளர்

உக்காருங்க அண்ணாச்சி. பெஞ்சு காலியாத்தானே கெடக்கு. ஆபீஸ்ல ஒரு ஆளும் கெடையாது, எல்லாரும் மன்றக் கூட்டத்துல இருக்காக. கிளார்க்கு, பில் கலெக்டர், பியூன் வரைக்கும் உள்ளதான். தண்ணி இணைப்புக்குத்தானே வந்திருக்கீக? கூட்டம் முடியாம ஒண்ணும் நடக்காது. முன்னெல்லாம் டீ ஆறதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிரும். இப்பம் மத்தியானச் சாப்பாட்டையும் தாண்டிப் போகுது. அதுக்குக் காரணம் யாருன்னு கேட்டீகன்னா, ஒரு வகையில நான்தான். நல்லது செய்யப் போயி வந்த வினை.

என்னையத் தெரியும்லா? தெரியாதா? சிவனணைஞ்ச பெருமாள். பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஃப்ளெக்ஸ் பாத்திருப்பீகளே, பெரிய படம் என்னோடது. ஓரத்துல சின்னதா இருக்கது எங்க வீட்டுக்காரி, சண்முகவடிவு. அவதான் இந்தப் பேரூராட்சிக்குத் தலைவர். இந்தத் தடவை பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாக, அதனால அவ பேர்ல நின்னோம். நின்னது அவ, ஜெயிச்சது நான். தப்பாச் சொல்லல, ஊருக்கே தெரியும். அவகிட்ட கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா. சொல்லுவான்னா, கேட்டா தலையாட்டுவா.

கூட்டத்துல அவளுக்கு நடு நாற்காலி. பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி. மைக் எங்கிட்ட இருக்கும். கிளார்க்கு மாசானம் தீர்மானத்தைப் படிப்பாரு. படிப்பாருன்னா, பஸ்ஸைப் புடிக்கப் போற மாதிரி ஓடுவாரு. "பொருள் ஒன்று, மன்றத்தின் பார்வைக்கு"ன்னு தொடங்குனா அடுத்து நமக்குப் புரியுத வார்த்தை "அனுமதிக்கலாம்"தான். நான் "தலைவர் சம்மதம்"னு சொல்லுவேன். கவுன்சிலருங்க மேஜையைத் தட்டுவாக. ஏகமனதா நிறைவேறிடும். அப்புறம் வடை. இத்தனை வருஷமா ஒருத்தன் பல்லு மேல நாக்கப் போட்டு ஒரு வார்த்தை கேட்டதில்ல. வடிவு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து உலை வச்சிருவா. அப்படி ஒரு நிர்வாகம்.

அப்பம்தான் அந்தச் சட்டம் வந்துச்சு. ஒவ்வொரு மன்றத்துலயும் மாற்றுத்திறனாளி ஒருத்தரை உறுப்பினரா நியமிக்கணும்னு. நல்ல சட்டம். நான் அன்னைக்கே மேடையில சொன்னேன், மாற்றுத்திறனாளிகள் தலைமைக்கு வரணும், முடிவெடுக்குற இடத்துல உக்காரணும்னு. கை தட்டுனாக. நியமிக்கது மேலிடம்தான், ஆனா நம்ம சிபாரிசுக்கும் ஒரு மரியாதை உண்டுல்லா.

நம்ம ஊர்ல ஆறுமுகநயினார்னு ஒருத்தன் இருக்கான், போலியோவுல கால் போனவன், நாலு சக்கர ஸ்கூட்டர்ல சுத்துவான். வாயத் தொறந்தா மூட மாட்டான். தெருவிளக்கு எரியலன்னா முதலமைச்சர் வரைக்கும் மனு போடுவான். அவனும் கேட்டிருந்தான். எனக்கு அவனை நெனச்சாலே தலைவலி. இன்னொரு பக்கம் ராஜகிளின்னு ஒரு புள்ள. காது கேக்காது, பேச்சும் வராது. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுவோமே, அதைச் சொல்லக் கூடாதுன்னு நம்ம செயல் அலுவலர், ஈ.ஓ. சார், சொல்லிட்டாரு, அதனால சொல்லல. பாளையங்கோட்டையில காது கேக்காத புள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ள. திருநெல்வேலியில கம்ப்யூட்டர் வேலைக்கு தினமும் பஸ்ல போயிட்டு வரும்.

நான் யோசிச்சேன். நியமன உறுப்பினருக்கு ஓட்டு கெடையாது பாத்துக்கிடுங்க. பேசலாம், அவ்வளவுதான். பேசுறதுக்கு மட்டும்தான் உரிமைன்னா, பேச்சு வராத புள்ளையப் போட்டா யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. ராஜகிளிக்குச் சிபாரிசு பண்ணுனேன். பதவி ஏத்த அன்னைக்கு சால்வை போட்டேன், போட்டோ எடுத்தேன். அந்தப் புள்ள சிரிச்சா பாருங்க, எனக்கே மனசு நெறைஞ்சு போச்சு. ஒருத்தரை உயர்த்தி விடுறது சந்தோஷம்தானே.

மொதக் கூட்டத்துக்கு வந்தா. கூட இன்னொரு பொம்பளை, ஹெலன்னு பேரு, சைகை மொழிபெயர்ப்பாளராம். நாம பேசுறதைக் கையில சொல்லும், அந்தப் புள்ள கையில சொல்லுறதை வாயால சொல்லும். கூட்டத்துக்கு வெளியாளு வரலாமான்னு கேட்டேன். "அவங்க வெளியாளு இல்ல சார், உறுப்பினருக்கு அது உரிமை"ன்னாரு ஈ.ஓ. புதுசா வந்த பையன், சட்டப் புஸ்தகத்தைத் தலைக்கு வச்சுப் படுப்பான் போல. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்.

கூட்டம் தொடங்க முன்னால நான் போன் பேச வராந்தாவுக்கு வந்துட்டேன். அப்பம் ராஜகிளி நேரா வடிவுகிட்ட போயி என்னவோ கையாட்டிக் கேட்டிருக்கா. முகமெல்லாம் சிரிப்பாம். ஹெலன் அந்நேரம் பக்கத்துல இல்ல, தண்ணி குடிக்கப் போயிருக்கு. வடிவு என்ன செய்வா? சிரிச்சுட்டுத் தலையாட்டியிருக்கா. அவ யாரு என்ன கேட்டாலும் அப்படித்தான். அந்தப் புள்ள என்ன கேட்டுதுன்னு எனக்குப் பொறவுதான் தெரியும். "நீங்களும் என்னைய மாதிரிக் காது கேக்காத ஆளா? எந்தப் பள்ளிக்கூடம்?"னு கேட்டிருக்கா.

சிரிக்காதீக அண்ணாச்சி. எனக்கு அது சிரிப்பா வரல.

கூட்டம் தொடங்குச்சு. மாசானம் ஓட ஆரம்பிச்சாரு. ஹெலன் கையைத் தூக்கி, "சார், கொஞ்சம் மெதுவாப் படிக்கணும், நான் சொல்லி முடிக்கணும்"னுச்சு. மாசானம் நின்னாரு. ஒவ்வொரு வரியாப் படிச்சாரு. ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பொம்பளை கையாட்டி முடிக்க வரைக்கும் எல்லாரும் சும்மா உக்காந்திருக்கோம். சும்மா இருந்தா என்ன செய்வாக? படிக்கதைக் கேக்க ஆரம்பிச்சுட்டாக. அதுதான் வந்த கேடு.

ஏழாவது பொருள் நம்ம பொருள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பெண்கள் கழிப்பறை இருக்குல்லா, அதை இடிச்சுட்டுக் கடை கட்டணும்னு தீர்மானம். முனைக் கடை எங்க அக்கா மாப்பிள்ளைக்குன்னு வாக்குக் குடுத்திருக்கேன். மனுசன் ரெண்டு வருஷமா என் முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்காரு. கடை கட்டுனா ஊருக்கும் வருமானம்தானே? கழிப்பறையில என்ன வருமானம் வரும்?

மாசானம் வார்த்தை வார்த்தையா "பெண்கள்... கழிப்பறையை... இடித்து..."ன்னு படிக்காரு. ஆறாவது வார்டு கவுன்சிலர் அமலோற்பவம் நிமிந்து பாத்துச்சு. அதுவரைக்கும் அது ஒரு கூட்டத்துலயும் நிமிந்ததில்ல, போன்லதான் இருக்கும். "எந்தக் கழிப்பறையை?"ன்னு கேட்டுச்சு. நான் கண்டுக்காம, எப்பவும் போல மைக்கைப் புடிச்சு "தலைவர் சம்மதம்"னேன்.

ராஜகிளி கையைத் தூக்குனா.

கையாட்டிப் பேசுனா, ஹெலன் வாயால சொல்லுச்சு. அதுல ஒரு முறை வச்சிருக்காக, அந்தப் புள்ள "நான்"னு சொன்னா ஹெலனும் "நான்"னுதான் சொல்லும். நமக்கு யாரு பேசுறான்னே கொழம்பும். சொல்லுது: "எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் ஒரு புகார் உண்டு. தலைவருடைய மொழிபெயர்ப்பாளர் சரியில்லை."

எல்லாரும் முழிச்சாக. நானும்தான். எந்த மொழிபெயர்ப்பாளருன்னு பாத்தா, அந்தப் புள்ள விரலை நேரா எம்மேல நீட்டுது.

"இவர் காலையிலிருந்து ஒரு தடவைகூடத் தலைவரைப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. தானே பதில் சொல்கிறார். அது மொழிபெயர்ப்பு இல்லை. ஹெலன் இப்படிச் செய்தால் அன்றைக்கே ஆளை மாற்றிவிடுவேன். தலைவருக்கு நல்ல ஆளாக ஒருவரை மன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். வேண்டுமென்றால் எங்கள் சங்கத்தில் சொல்லி அனுப்புகிறேன்."

கேலி இல்ல அண்ணாச்சி. அந்தப் புள்ள முகத்தைப் பாத்தேன், நெசமாவே வருத்தப்பட்டுச் சொல்லுது. அமலோற்பவத்துக்கு டீ மூக்குல ஏறிடுச்சு. நான் நிதானமா எடுத்துச் சொன்னேன். "ஏம்மா, இவளுக்கு நல்லா காது கேக்கும். பேச்சும் வரும். நான் இவ புருஷன்." ஹெலன் அதைக் கையில சொல்லுச்சு. ராஜகிளி என்னையப் பாத்தா, வடிவைப் பாத்தா, திருப்பி என்னையப் பாத்தா. அப்புறம் ஒரே ஒரு சைகைதான் காட்டுனா. ஹெலன் சொல்லுச்சு: "அப்படியென்றால் ஏன்?"

ஏன்னா ஏன்தான். அவளுக்குக் கூச்ச சுபாவம்னேன். வீட்டு வேலை இருக்குன்னேன். அந்த ஈ.ஓ. பையன் இதுக்குன்னே காத்துக்கிட்டு இருந்த மாதிரி பேனாவைத் தொறந்தான். "சார், மொழிபெயர்ப்பாளர் பேரைப் பதிவு பண்ணணும்னு அவங்க கேக்காங்க. பண்ணித்தான் ஆகணும். நீங்க எந்த முறையில உள்ள இருக்கீங்கன்னு எழுதட்டும்?"

எனக்கு ரோசம் வந்துட்டு. எந்திரிச்சு வெளியில போறதுக்கு நான் என்ன இளிச்சவாயனா? "மொழிபெயர்ப்பாளருன்னே எழுதிக்கிடும்"னேன்.

அங்கதான் வழுக்கிட்டு.

ராஜகிளிக்கு அதுல ரொம்ப சந்தோஷம். "நல்லது. அப்படியென்றால் முதலில் தலைவரிடம் கேட்க வேண்டும். அவர் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும்." சரி, அதுக்கென்ன. வடிவு பக்கம் திரும்பி, "ஏளா, சம்மதம்தானே?"ன்னேன். உடனே ஹெலன், "கேள்விக்குள்ளேயே பதிலை வைக்கக் கூடாது"ன்னுச்சு. அதையும் அந்தப் புள்ளதான் சொல்லுது. எனக்குக் கேள்வி கேக்கச் சொல்லித் தாரா. பொறுத்துக்கிட்டு, "கழிப்பறையை இடிச்சுக் கடை கட்டுறதைப் பத்தி நீ என்ன சொல்லுத?"ன்னு கேட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் அவகிட்ட அப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. கேக்க வேண்டிய தேவை வரல.

அவ உதடு அசைஞ்சுது. எனக்கு ஒண்ணும் கேக்கல. பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், ஆனா சத்தமே வரல. மைக்கு வேற எங்கிட்ட இருக்கு. சம்மதம்னுதான் சொல்லியிருப்பா, வேற என்ன சொல்லப் போறா. "தலைவர் சம்மதம்னு சொல்லுதாங்க"ன்னேன். நான் பொய் சொல்லல. அவ சொல்லுவான்னு எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னேன்.

ராஜகிளி மேஜையில ஓங்கி ஒரு தட்டுத் தட்டுனா. நாங்க தட்டுற தட்டு இல்ல, டம்ளர் எல்லாம் துள்ளுச்சு. ஹெலன் எந்திரிச்சு நின்னுச்சு: "தலைவர் அப்படிச் சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் உதட்டைப் பார்த்தேன்."

இத்தனை பேரு காதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், ஒருத்தருக்கும் கேக்கல. காது கேக்காத புள்ள சொல்லுது தலைவர் இன்னது சொன்னாகன்னு. இதை எந்த ஊர்லயாவது ஒத்துக்கிடுவாகளா? ஆனா ஈ.ஓ. வடிவைப் பாத்து, "மேடம், அப்படியா சொன்னீங்க?"ன்னு கேட்டான். அவ மேஜையைப் பாத்துக்கிட்டே தலையாட்டுனா. "அவ எதுக்குன்னாலும் தலையாட்டுவா சார்"னு நான் சொன்னேன். அவன் காதுல போட்டுக்கிடல. பொருள் ஒத்திவைப்புன்னு எழுதிட்டான். அடுத்த கூட்டத்துல இருந்து உறுப்பினரோட புருஷன், சொந்தக்காரன்னு யாரும் உள்ள வரக் கூடாதுன்னும் எழுதிட்டான். ஹெலன் வரலாமாம், நான் வரக் கூடாதாம்.

வீட்டுக்குப் போற வழியில கார்ல கேட்டேன், "வேண்டாம்னா சொன்ன?" அவ சன்னலுக்கு வெளியில பாத்துக்கிட்டு, "எங்க அம்மை சந்தையில வெத்தலக் கடை போட்டிருந்தால்லா, காலையில போனா ராத்திரி வீட்டுக்கு வார வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், "கடையைப் பத்திக் கேட்டா நீ தண்ணியைப் பத்திச் சொல்லுத." அவ அப்படித்தான், சம்பந்தமில்லாம ஒண்ணு சொல்லுவா.

அதோட விட்டுதான்னா, இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை ராஜகிளி வீட்டுக்கே வந்துட்டா. எம்மேல பழி சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்னு நெனச்சேன். நாற்காலி எடுத்துப் போட்டேன். அந்தப் புள்ள நேரா அடுப்படிக்குப் போயிட்டு. அப்பம் இருந்து வாராவாரம் வந்து இவளுகளுக்குச் சைகை சொல்லிக் குடுக்கா. மொதல் ரெண்டு வாரம் ஹெலனும் வந்துச்சு, அப்புறம் தேவைப்படல. வடிவு தோசை மாவைக் கரைச்சுக்கிட்டே கையாட்டுதா. காலேஜுக்குப் போற எங்க மக அதைவிட வேகமா ஆட்டுதா. மூணு பேரும் அடுப்படியில உக்காந்து சிரிக்காளுக, ஒரு சத்தம் கெடையாது. நான் டி.வி. முன்னால உக்காந்து இருக்கேன். சத்தத்தைக் கொறச்சு வச்சுப் பாத்தேன், அப்பவும் ஒண்ணும் கேக்கல. "என்ன பேசுதீக?"ன்னு கேட்டா "ஒண்ணுமில்லப்பா"ங்கா மக. ஒண்ணுமில்லாததுக்கா அவ்வளவு சிரிப்பு? நான் கட்டுன வீடு அண்ணாச்சி. எனக்குத் தாங்க முடியல. ஒரு நாள் சாப்பிடாமலே படுத்தேன். யாரும் கேக்கல. கேட்டாளுகளோ என்னவோ, கையில கேட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?

அந்த ராஜகிளிமேல எனக்குக் கோவம்னு நெனச்சுக்கிடாதீக. அந்தப் புள்ளைய உறுப்பினராக்குனது நான். ஆனா ஒண்ணு சொல்லுதேன், அவளுக்கு ஒரு இடம் குடுத்தா, அந்த இடத்துல அவ இருக்கணும். பக்கத்து நாற்காலியை எதுக்குப் பாக்கணும்? இப்பம் ஆறுமுகநயினாரை வேற கூட்டத்தைப் பாக்க வரச் சொல்லியிருக்கா. அவன் மாடி ஏற முடியாதுன்னு மனுப் போட்டு, கூட்டத்தையே கீழ மாத்தியாச்சு. நாம மாடியில நல்லா காத்தோட்டமா நடத்திக்கிட்டு இருந்தோம்.

இன்னைக்குத்தான் ஏழாவது பொருள் திரும்ப வருது. கவுன்சிலருங்க ரெண்டு பக்கமும் சரிசமமா நிக்காக. ஆம்பளைங்க நம்ம பக்கம். அமலோற்பவம் மத்த பொம்பளைங்களையெல்லாம் சேத்துக்கிட்டு அந்தப் பக்கம். அதனால எல்லாம் வடிவு கையிலதான் இருக்கு. அக்கா மாப்பிள்ளை காலையிலயே போன் போட்டுட்டாரு. நான் வடிவுகிட்ட நேத்தே தெளிவாச் சொல்லிட்டேன்: ஏழாவது பொருள் வந்தா கையைத் தூக்கு, போதும், ஒண்ணும் பேச வேண்டாம். காலையில கார்லயும் சொன்னேன். இங்க எறங்கும்போதும் சொன்னேன். தலையாட்டுனா. அதனால பயமில்ல.

நான் ஏன் வெளியில உக்காந்திருக்கேன்னா, உள்ள புழுக்கம். வேற ஒண்ணுமில்ல.

கொஞ்சம் இருங்க. மைக்ல யாரோ பேசுதாக. ஏழாவதுன்னு காதுல விழுந்துது. யாரு பேசுதது? அமலோற்பவமா? இல்ல, அது கீச்சுன்னு இருக்கும். இது நின்னு நிதானமா வருது. ஹெலன் சத்தம் எனக்குத் தெரியும், அது இல்ல. கனமான சத்தமா இருக்கே. மேலிடத்துல இருந்து யாராவது அம்மா வந்திருக்காகளோ? எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. அண்ணாச்சி, நீங்க சன்னல் பக்கம்தானே இருக்கீக, எட்டிப் பாத்துச் சொல்லுங்க. யாரு அது?

நடு நாற்காலியா? நடு நாற்காலியில இருக்கவளா பேசுதா? நல்லாப் பாருங்க. ஊதாச் சேலையா? நின்னுக்கிட்டா?

அவ சத்தம் இப்படி இருக்காதே அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா. மக கல்லூரிக்குப் போற வயசு ஆயிட்டு, அவ சத்தம் எனக்குத் தெரியாதா.

...

நீங்க கொஞ்சம் பேசாம இருங்க அண்ணாச்சி. என்ன சொல்லுதான்னு கேக்கணும்.